வடிகட்டிக்கு முன் கிணற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு நீர் வடிகட்டியின் நன்மைகள் பற்றிக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நன்மைகளை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. ஆனால் எந்தத் தண்ணீருக்கு எந்த வடிகட்டி என்ற பேச்சே அதில் இல்லை. திருகோணமலையில் அதைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

கடலோர மணற்கிணறுகளில் கோடை முற்ற முற்றத் தண்ணீர் சவர்த்துப் போகிறது. (நான் இருக்கும் உப்புவெளிக்குப் பெயரிலேயே உப்பு!) நகரக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர், சுத்திகரித்து, குளோரின் சேர்த்தே வருகிறது. மாரியில் வெள்ளம் ஏறிய கிணறு என்றால் கிருமிகளுக்குத்தான் பயப்பட வேண்டும்.

கேண்டில் (நுண்துளைகள் உள்ள பீங்கான் குழல்) போட்ட சாதாரண வடிகட்டி கலங்கலையும் பெரும்பாலான பக்டீரியாக்களையும் தடுத்துவிடும். உப்பை அது தொடாது. கரி உள்ள வடிகட்டி குளோரின் மணத்தை எடுக்கும். உப்பும் புளோரைட்டும் போக வேண்டுமானால் சவ்வு வைத்த விலை கூடிய இயந்திரம் வேண்டும். அது ஒரு லீற்றர் தருவதற்குள் அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாக ஊற்றிவிடும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்பாரும் உண்டு. கிருமி சாகும், சரி. புளோரைட்டும் நைத்திரேற்றும் கேத்தலுக்குள்ளேயேதான் இருக்கும். நீர் வற்றினால் இன்னும் செறியும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் இயந்திரம் விற்க வந்தார். ஒரு குவளையில் எங்கள் கிணற்று நீர், மற்றதில் அவருடைய இயந்திரத்து நீர். இரண்டிலும் மின்வாய்களை, அதாவது மின்சாரம் பாய்ச்சும் உலோகக் கம்பிகளை, இறக்கினார். எங்களுடையது சில நிமிடங்களில் கறல் நிறமாகிக் கலங்கியது. அவருடையது பளிங்காகவே நின்றது. "இதைத்தானே அம்மா இத்தனை காலமும் குடித்தீர்கள்?" என்றார். மனைவி வெலவெலத்துப் போனார். நான் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய குவளையில் போட்டு, மறுபடியும் செய்து காட்டச் சொன்னேன். அதுவும் கறல் நிறமானது. கரைந்து வந்தது இரும்பு மின்வாய்தான். உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாகப் பாயாது. தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினோம். அந்தப் பிள்ளையும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்தானே. ஆனால் இதே வித்தையைப் பார்த்துப் பயந்து கடன்பட்டு வாங்கியவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே எனக்குத் தெரியும். அதில் ஒரு வீட்டுக்கு வருவது குழாய்த் தண்ணீர்!

வாங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. கேண்டிலை மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், சவர்க்காரம் போடாமல். மயிரிழை வெடிப்புக் கண்டாலும் மாற்றிவிட வேண்டும். காலம் கடந்த கரி வடிகட்டியில் கிருமிகள் குடியேறிவிடும்.

வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுகிறார்கள், நல்ல காரியம். அதோடு உப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று, கோலிபோம் (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் பக்டீரியா) என்ற நான்கையும் சோதித்து, முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுக்க சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்யுமா? அடுத்த விற்பனையாளர் வரும்போது மனைவி அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.