கோணல் நீத்துப்பெட்டி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். அண்டைக்கு ரெலிபோன் கோல் பாதியில் அறுந்துபோனது. மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ரீச்சர்மார் பன்னிரண்டு பேர் வான் பிடித்து வடமராட்சிக்கு வெளிக்கிட்டோம். பனையோலை வேலை செய்கிற வீடுகளும் இயற்கைத் தோட்டமும் பார்க்கிறதாகத் திட்டம். “ஓலையிலை என்ன பார்க்கக் கிடக்கு?” என்று அப்பா வரவில்லை. வல்லை வெளிக் காற்று என் குடையை மடக்கிப்போட்டது தவிர வழியில் விசேசம் ஒன்றுமில்லை.

நெல்லியடிக்கு அங்கால் ஒரு முற்றத்தில் என் வயது மனுசி ஒருத்தி பாயில் இருந்தா. ஈரத்துணியில் சுற்றிவைத்த சார்வோலையை ஒவ்வொன்றாக எடுத்து, ஈர்க்கை நீக்கி, வார்ந்து போட்டா. அளக்க ஒன்றும் இல்லை, பெருவிரல் நகம்தான் கணக்கு. எல்லாம் ஒரே அகலம். “ரீச்சர், நீங்களும் ஒண்டு இழைச்சுப் பாருங்கோவன்” என்றா. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் கூர்முனைதான் கரைச்சல், ஓலை முழுக்க அங்கே வந்து நெருங்கும். மூன்று தரம் பிரித்தேன்.

“உங்கடை வீட்டிலை ஒருத்தரும் இழைக்கிறேல்லையோ?”

“அம்மா இழைச்சவ” என்றேன்.

பிள்ளை, உனக்கும் இதை நான் சொன்னதில்லை. அம்மம்மா பெட்டி இழைத்து, கடகம் பொத்தி விற்றுத்தான் என் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு. நான் கிட்டப் போய்க் குந்தினால் “நீ போய்ப் படி” என்று கலைப்பா. எனக்கும் அது வசதி. பள்ளிக்கூடத்தில் கேட்டால், அம்மா வீட்டில் சும்மா இருக்கிறா என்பேன்.

வெளிக்கிடுகிற நேரம் எங்கள் ஆள் ஒருத்தி கடகத்துக்கு ஐம்பது ரூபா குறைக்கச் சொன்னா. வானில் திரும்பிவரும்வரை நான் அவவோடு கதைக்கவில்லை.

திரும்புகிற வழியில் நீர்வேலி இயற்கைத் தோட்டக்காரர் வாழையைக் காட்டமுதல் கிணற்றைக் காட்டினார். இலைகுழையை மண்ணில் தாழ்த்து, மாட்டெரு போட்டுச் செய்கிறார். 2021 இல் அரசாங்கம் திடீரென்று ரசாயன உரத்தை நிறுத்தி, அந்த வருசம் முடியமுதலே திரும்ப விட்டதே, அப்போது தானும் நட்டப்பட்டவராம். மண்ணைப் பழக்காமல் உரத்தை நிறுத்தினால் அப்படித்தான் என்றார். வற்றாத ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். போடுகிற யூரியாவில் பயிர் எடுக்காதது நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குத்தான் இறங்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வகுப்பில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! எங்கள் கிணற்றை ஒருநாளும் யோசிக்கவில்லை. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. பால்மா குடிக்கிற பிள்ளைக்குக் கூடாது. அதனால் அப்பாவை அனுப்பித் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வரமுதல் முடிவு வந்துவிடும். முடிவு வராவிட்டால் பேரனுக்குப் போத்தல் தண்ணீர்தான்.

அங்கேயே பிலாவிலை கோலி ஒடியல் கூழ் குடித்தோம். உறைப்பு காணாது.

பார்சலில் இரண்டு குட்டான் பனங்கட்டியும் நான் இழைத்த நீத்துப்பெட்டியும் வருகிறது. ஒரு பக்கம் கோணல், சிரிக்காதே. முதலில் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவி, பிறகு பிட்டு அவி. முனையால் மா கொட்டினால் சொல்லு.

அன்புடன்,
அம்மா