கறவைக்கு நிற்காத ஆடு

கோட்டையூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டு வலி குறைந்து நீ கண்மாய்க்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் பதில் எழுதாமல் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளாடு.

தலைச்சேரி என்ற கேரளத்து இன ஆடு, தலையீத்து, கூடவே இரண்டு குட்டி. செம்பி என்று பேர் வைத்திருக்கிறோம். இரண்டு வேளையும் சேர்த்து ஒன்றரை லிட்டர் கறக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது அரை லிட்டர், அதிலும் பாதி தரையில். மடியில் கை வைத்தால் உதைக்கும். காலைக் கட்டினால் பொத்தென்று படுத்துக்கொள்ளும். அவிழ்த்துவிட்டால் ஒரே தாவில் திண்ணையில் ஏறி நின்றுகொண்டு நம்மையே பார்க்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் வேப்பங்குச்சியால் இரண்டு போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் ஒரு சொட்டு இறங்கவில்லை, மடி மட்டும் கல்லாட்டம் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

மறுநாள் கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தேன். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பால் திரிந்து கட்டியாக இருக்கிறதா என்று பார்த்தார். மடி நோய் இல்லை. ஆனால் இடது காம்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் நெல்லு நீளத்துக்கு ஒரு வெடிப்பு! பத்து நாளாக அந்தக் காம்பைத்தான் பிடித்து இழுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. பால் இறங்க ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டுமாம். வலியும் பயமும் வந்தால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் அதைத் தடுத்துவிடுமாம். ஆடு பாலை ஒளித்து வைக்கிறது என்று நாம் சொல்வதன் விஷயம் இதுதான்.

காம்புக்கு மஞ்சளும் வெண்ணெயும் தடவி ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனாலும் உதைப்பது நிற்கவில்லை, அதற்குள் அது பழக்கமாகிப் போயிருந்தது. அப்போதுதான் அப்பத்தா ஞாபகம் வந்தது. காந்தி 1927-ல் செட்டிநாட்டுக்கு வந்ததையும் அவர் ஆட்டுப்பால்தான் குடிப்பார் என்பதையும் சொல்லாமல் அவள் ஆட்டைப் பற்றிப் பேசியதே கிடையாது, உனக்கும் தெரியும். அவள் கயிறே கட்டமாட்டாள். நெற்றியை ஆட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, முதலில் மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பாள், அப்புறம்தான் கறப்பாள்.

நானும் அப்படியே செய்தேன். முதல் மூன்று நாள் கறக்கவே இல்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், பாலைக் குட்டிகளிடமே விட்டுவிட்டேன். உதைத்தால் கையும் காலோடு போகும், ஆனால் மடியை விட்டு எடுக்கமாட்டேன். எடுத்தால் உதைத்து ஜெயித்துவிட்டோம் என்று அதற்குத் தோன்றிவிடும். அது அசையாமல் நின்ற பிறகு நானாகக் கையை எடுப்பேன்.

திண்ணைத் தொல்லைக்கும் ஒரு வழி கிடைத்தது. பக்கத்துத் தெருவில் அந்தப் பெரிய வளவு வீட்டைப் பிரித்து விற்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பாய். தூணெல்லாம் லாரியில் போவதை நின்று பார்க்க முடியவில்லை. கழித்துப் போட்ட பர்மாத் தேக்குப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஒன்றரை அடி உயரத்தில் சுவரோரமாக மேடை போட்டேன். ஏறுவது வெள்ளாட்டின் குணம். அது தானே ஏறும் இடத்திலேயே கறந்தால் என்ன என்று தோன்றியது. இப்போது காலை ஆறு மணிக்குத் தவிடும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் வாளியில் விழும் சத்தம் கேட்டாலே தாவி ஏறி நிற்கிறது. முகம் வாளிக்குள், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நான். நேற்று காலையில் மட்டும் முக்கால் லிட்டர்.

வேற்று ஆள் வந்தால் இன்னும் மிரளுகிறது. மகள் கறக்க உட்கார்ந்தால் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள்.

அப்புறம் ஒரு உதவி. குட்டிகளைப் பிரித்துவிட்டேன், செம்பி சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். இங்கே கிடைப்பதெல்லாம் நாட்டுக் கிடாதான். சிங்கம்புணரிப் பக்கம் நல்ல தலைச்சேரிக் கிடா யாரிடமாவது இருந்தால் விசாரித்து எழுது. சினை பிடித்தால் ஐந்து மாதத்தில் குட்டி. பெட்டைக் குட்டியாக இருந்தால் ஒன்று உனக்கு.

அன்புடன்,
உன் மச்சான்