பவளத்தீவின் கிணற்றையும் கடலையும் சட்டம் பிரிக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்வளப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மீன்பிடித் தடை, பவளப்பாறைகள், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, தீவுகளில் வாழ்வோர் குடிக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இதைக் கட்டுரையாளரின் குறையாக நான் கருதவில்லை. சட்டமே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. உயர் அலைக் கோட்டுக்கு அப்பால் ஒரு சட்டம், இப்பால் வேறொரு சட்டம் என்னும் இந்த ஏற்பாடு பெருநிலப்பரப்புக்கு ஓரளவு பொருந்தலாம். சிறிய பவளத்தீவுக்குச் சற்றும் பொருந்தாது.

பவளத்தீவுகளில் பெரும்பாலும் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்யும் மழை மணலிலும் துளைகள் நிறைந்த சுண்ணப்பாறையிலும் இறங்கி, அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. உப்புநீர் கலப்பதால் சிறிய தீவுகளில் இந்த ஆழம் இன்னும் குறைவு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும்: அளவுக்கு மீறி இறைத்து மேலே நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால், கீழே உப்புநீர் நாற்பது சாண் ஏறி வரக்கூடும்.

இந்த வில்லையைத் தாங்கும் தீவே பவளப்பாறையின் கொடைதான். கரையின் மணலில் பெரும்பங்கு பவளத் துகள்களும் சிப்பி ஓடுகளும் கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக் கழித்த துகள்களும் ஆகும். பேரலையின் வேகத்தைத் தடுப்பதும் அதே பாறை. மறுபுறம், வீட்டின் கழிவுக்குழியிலிருந்து கசிவது முதலில் கிணற்றைக் கெடுக்கிறது. பிறகு கடலுக்குள் ஊறிப் பாசியை வளர்த்துப் பவளத்தை மூடுகிறது. 2005ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலின் குக் தீவுகளைச் சேர்ந்த புகாபுகா என்னும் பவளத்தீவைப் புயல் தாக்கியபோது, கடல்நீர் புகுந்த நன்னீர் வில்லை மீண்டும் குடிக்கத் தகுந்த நிலையை அடைய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு, மனிதர் வாழவோ தனக்கெனப் பொருளாதார வாழ்வைத் தாங்கவோ இயலாத பாறைக்கு 200 கடல்மைல் பொருளாதார மண்டலம், அதாவது கடல்வளங்களின்மீது கரைநாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்பு, கிடையாது என்கிறது. சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கிய நடுவர் மன்றம், இதன்பொருட்டே அக்கடலிலுள்ள இட்டு அபா என்னும் சிறு தீவின் கிணற்று நீர் குடிக்கத் தகுந்ததா என்பதுவரை ஆராய்ந்தது. அதாவது, ஒரு நாட்டுக்கு எவ்வளவு கடல் சொந்தம் என்று அளக்க அத்தீவின் நன்னீர் அங்கே சான்றாயிற்று. காக்கப்பட வேண்டிய வளமாக அது அங்கே நிற்கவில்லை. அதே தீர்ப்பு, ராட்சதச் சிப்பிகளுக்காகப் பவளத்தைச் சிதைத்ததையும் தீவுகளைச் செயற்கையாக எழுப்பியதையும் உடன்படிக்கை மீறல் என்று கண்டித்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. கப்பல்களால் வரும் மாசைப் பொறுத்தவரை, நாட்டின் சட்டம் சர்வதேச விதிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை கட்டாயப்படுத்துகிறது. நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் மாசுக்கோ, சர்வதேச விதிகளைக் கருத்தில் கொண்டாலே போதும் என்று 207ஆம் பிரிவு தளர்த்திவிடுகிறது. கடல் மாசின் பெரும்பகுதி நிலத்திலிருந்தே வருகிறது என்பதை அறிந்தும் இந்தத் தளர்வு நீடிப்பது எனக்கு வேதனையளிக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020 ஜனவரி 1 முதல் தன் பொருளாதார மண்டலத்தின் 80 விழுக்காட்டில் மீன்பிடிப்பைத் தடுத்தது பெரிய துணிவு; ஆனால் அத்தகைய தடை படகைத்தான் நிறுத்தும், கழிவுக்குழியை நிறுத்தாது. பசுங்குடில் வாயு உமிழ்வும் கடல் மாசே என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று அளித்த ஆலோசனைக் கருத்து, காரணமும் விளைவும் எங்கெங்கு இருந்தாலும் சட்டம் அவற்றை இணைத்துப் பார்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

ஆகவே, தீவில் விடுதியோ துறைமுகமோ ஓடுதளமோ கட்ட அனுமதி கேட்பவர், பவளப்பாறைக்கும் நன்னீர் வில்லைக்கும் நேரும் பாதிப்பை ஒரே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் காட்டியாக வேண்டும் என்று சட்டம் விதிக்க வேண்டும். இறைக்கும் அளவு, மழை ஊட்டும் அளவுக்குள் நிற்க வேண்டும்; கண்காணிப்புக் கிணறுகளின் உப்பளவு மாதந்தோறும் தீவு மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நெடுங்காலமாக அந்தக் கிணறுகளைப் பேணி வந்த மக்களின் நில உரிமையைப் பறித்து நீர்க்காப்பகம் அமைப்பதை மட்டும் எவரும் பாதுகாப்பு என்று அழைக்க வேண்டாம். கடற்சட்டம் அறிந்தவர் ஒருவரும் நிலத்தடி நீரியல் அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழ் விரைவில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்