வெள்ளத்துக்குக் காத்திருக்கும் ரோகு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீங்கள் மீண்டும் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. கங்கையின் ரோகு ஒரு பருவத்தில் கொழுத்தும் இன்னொரு பருவத்தில் மெலிந்தும் கிடைப்பது தீனியால்தானா என்று கேட்டிருந்தீர்கள். தீனிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் அம்மீனின் ஆண்டு முழுவதையும் ஆட்டிவைப்பது இனப்பெருக்கமே என்பேன்.

மழைக்காலம் முடிந்ததும், முட்டையிட்டுத் தளர்ந்த மீன் நன்கு மேய்ந்து, குடலைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் நீர் குளிரக் குளிர அதன் பசியும் வளர்ச்சியும் மந்தப்படுகின்றன; செதிலில் வளையங்கள் நெருங்கி விழுவது இக்காலத்தில்தான். பிறகு பகல் நீண்டு நீர் வெதுவெதுப்பாகும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொள்ள, கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தை உண்டாக்கி இரத்தத்தின் வழியே சினைக்கு அனுப்புகிறது. சேமித்த கொழுப்பும் அதற்கே செலவாகிறது. மே, ஜூன் மாதங்களில் பெண்மீனின் வயிறு மிருதுவாகப் புடைத்திருக்கும். ஆண்மீனின் மார்புத் துடுப்பை விரலால் தடவினால் சொரசொரப்புத் தட்டுப்படும்; அடிவயிற்றை மெல்ல அழுத்தினாலே பால் போன்ற விந்து கசியும்.

இவ்வளவு ஆயத்தம் முடிந்தும் அது முட்டையிடுவதில்லை என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மழை பெய்து, ஆறு கலங்கிப் பெருகி, கரை தாண்டிச் சமவெளியில் பரவினால்தான் முட்டையிடும். ஒரு கிலோ எடைக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாத முட்டைகளை இடும் இம்மீன், குஞ்சுகளுக்குத் தீனி பெருகும் வேளையைத் தேர்ந்துகொள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சில நாட்களில் மஞ்சள்கருப் பை தீர்ந்ததும், புதிதாக நீர் நிறைந்த தாழ்நிலங்களில் பெருகும் நுண்ணுயிர்களே குஞ்சுகளின் முதல் உணவு. வெள்ளம் வராமற்போனால், இடப்படாத முட்டைகள் சினைப்பையிலேயே சிதைந்து தாயின் உடலில் கரைந்துவிடுகின்றன. ஓராண்டு உழைப்பு அத்தோடு போயிற்று.

குளத்து ரோகு சினை முற்றியும் முட்டையிடாமல் இருந்ததும் இதனால்தான். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீனியல் அறிஞர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழி செலுத்தி, வெள்ளம் தரவேண்டிய கடைசித் தூண்டுதலைத் தாமே தந்தார். அந்நாளையே நம் நாட்டில் தேசிய மீன்வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பண்ணைகளுக்கு அது பெரும் விடுதலை. ஆற்று மீனுக்கோ இன்றுவரை வெள்ளத்தை விட்டால் வேறு வழியில்லை. அணையில் நீரைத் தேக்கி, முதல் பெருக்கையே ஆற்றுக்கு விடாமற்போனால் அதன் இழப்பு மீன்குஞ்சில்தான் தெரியும்.

மீன்பிடித் தடையைப் பற்றிய என் கருத்தும் இதிலிருந்தே பிறந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தடை இருக்கிறது. பொதுவாக அது சரியான காலமே. ஆனால் கோடையில் நீர் வற்றி, சினை சுமந்த மீன்களெல்லாம் ஆழமான மடுக்களில் ஒதுங்கி நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே வலைவீச்சில் தாய்மீன்கள் அகப்பட்டுவிடுகின்றன. மழை பிந்தினாலோ அந்தக் காத்திருப்பு இன்னும் நீள்கிறது. எனவே முக்கியமான மடுக்களிலாவது கோடை முழுதும் வலை விழக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வலையை நம்பி வாழ்வோருக்கு அம்மாதங்களில் உதவித்தொகை தரவேண்டியிருக்கும் என்பதும் தெரியும். மடுக்களை மட்டும் மூடினால் போதுமா, ஆற்றின் அந்த நீளத்தையே மூடவேண்டுமா என்பதில் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்