முதுகில் பெயர் இல்லை

அன்புள்ள பாப்பா,

மான்செஸ்டரில் உன் படிப்புக்காக ஒரு பேண்டுக்கு எடுத்து நீ அனுப்பிய மியூசிக் வீடியோவை முதலில் போனில் பார்த்தேன், அப்புறம் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன், இன்று காலை அம்மாவோடு டிவியில் மூன்றாவது தடவை. ஆல்பம் அட்டையின் பிடிஎஃப்பைக் கடை பிரிண்டரிலேயே அடித்து, வெட்டி, மடித்து, மேஜைமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை கேட்டு வருகிறவர்கள் எல்லாம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இது எந்தப் படம் சார் என்கிறார்கள். இரண்டையும் நீயே மதிப்பிட்டு எழுதிய கட்டுரையைப் படிக்கத்தான் நாள் ஆயிற்று, ஆங்கிலம் எனக்கு மாட்டு வண்டி வேகம் என்று உனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். வீடியோ நன்றாக இருக்கிறது. அட்டை பாதி நன்றாக இருக்கிறது. கட்டுரைதான் சரியில்லை.

கோபித்துக்கொள்ளாதே, மேலே படி. இந்த மரபைப் பின்பற்றினோம், இந்த மரபை மீறினோம் என்று ரேஷன் கார்டில் டிக் போடுவதுபோல வரிசையாக எழுதிக்கொண்டே போயிருக்கிறாய். 'மீறினோம்' என்பது மட்டும் பதினோரு இடத்தில் வருகிறது, பென்சிலால் சுழித்து எண்ணினேன். அதில் பாதி இடத்தில் நீங்கள் எதையும் மீறவில்லைம்மா, மறந்துவிட்டீர்கள்.

அட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. முன்பக்கத்தில் பேண்டின் பெயரும் போடவில்லை, ஆல்பத்தின் பெயரும் போடவில்லை. அதற்கு ஜாய் டிவிஷன் என்கிற பேண்டின் 1979 ஆல்பத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். உங்கள் மான்செஸ்டர்க்காரர்கள்தானே என்று நானும் தேடிப் பார்த்தேன். கறுப்பு அட்டை, நடுவில் மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள். அது 1967இல் முதன்முதலாகக் கண்டுபிடித்த பல்சார் என்கிற, துடித்துக்கொண்டே இருக்கிற நட்சத்திரத்தின் ரேடியோத் துடிப்பு என்றும், வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளையில் கறுப்பாக இருந்ததை அட்டையை வடிவமைத்த பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார் என்றும் படித்தபோது, அடடா, நம்ம தொழில்தான் என்று தோன்றியது. நெகட்டிவ் போட்டுப் பார்ப்பது எந்த டிடிபிகாரனும் செய்கிற வேலை. எதை நெகட்டிவ் போடுவது என்று தெரிவதுதான் அவருடைய திறமை.

சரி, அதன் முன்பக்கத்தில் பெயர் இல்லை, அது அவர்களுடைய முதல் ஆல்பமும்கூட. ஆனால் திருப்பினால் பின்னட்டையில் பெயர் இருக்கிறது. சாலையை நான்கு பேர் கடக்கிற அந்த பீட்டில்ஸ் அட்டையிலும் அதே கதைதான். 1969இல் அந்த நான்கு முகங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை, அப்படியும் பின்பக்கச் சுவரில் எழுதியிருந்தது. நீ முன்பக்கத்தில் எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் ஆறு பாட்டின் பெயரை மட்டும் போட்டு, மடிப்பில் பக்கவாட்டில் தெரிகிற ஒல்லிப் பட்டையை, அதாவது முதுகை, வெறும் கறுப்பாக விட்டிருக்கிறாய். மடித்து நிறுத்தியபோதுதான் எனக்கே தெரிந்தது. முதுகில் பெயர் இல்லை!

முதுகு என்றால் என்ன என்று காசெட் கடைக்காரனைக் கேட்க வேண்டும். சாலை ரோட்டில் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலம் உனக்கு நினைவிருக்காது, நீ பிறக்குமுன்பே மூடியாயிற்று. சுவர் முழுக்க ராக், ராக்கில் இரண்டாயிரம் காசெட்டாவது இருக்கும். வருகிறவர்களுக்கு முன்பக்கம் தெரியாது, தெரிவதெல்லாம் முதுகு மட்டும்தான். எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கழுத்து சுளுக்கினதுபோல, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை படித்துக்கொண்டே போவார்கள். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட டேப்பில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு பதிந்து தருவேன். உள்ளே வைக்கிற கார்டில் ஏ பக்கம், பி பக்கம் என்று பாட்டு வரிசையைச் சிவப்பு மசியிலும் நீல மசியிலும் எழுதுவேன், முதுகுக்கு மட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. ஒரு தடவை அவசரத்தில் முதுகை எழுதாமல் கொடுத்துவிட்டேன். உறையூரிலிருந்து வருகிற வாத்தியார் ஒருவர் மூன்றாம் நாள் வந்து, "தம்பி, வீட்டில் அறுபது காசெட் இருக்கு, இது எங்கே இருக்குன்னு தெரியலை" என்றார். அவர் கையிலேயே இருந்தது.

உன் அட்டைக்கும் அதுதான் நடக்கும். பெயரை முன்பக்கத்திலிருந்து எடுத்தால், அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்ததோ அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் கறுப்பு அட்டையில் பின்பக்கம் செய்தது. உன்னுடையதில் யாரும் செய்யவில்லை. கட்டுரையில் 'மீறினோம்' என்று எழுதுமுன் இதை ஒரு தரம் கேட்டுக்கொண்டால் போதும், பதினோரு இடம் நாலாகிவிடும்.

இப்போது யார் கடைக்குப் போய் ராக்கில் தேடுகிறார்கள் என்பாய். அதுவும் நியாயம்தான். பெரிய இசைத்தட்டு அட்டை ஒரு அடிச் சதுரம். சிடி 12 சென்டிமீட்டர். காசெட்டோ அதைவிடக் குறுகல், அதுவும் நின்ற வாக்கில், அதனால்தான் நம் ஊர் சினிமா காசெட்டில் போஸ்டரை அப்படியே போட முடியாமல் தலைகளை மட்டும் வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினார்கள். இப்போது போனில் பாட்டுக்குப் பக்கத்தில் தெரிகிற அட்டை என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. உன் அட்டையை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். பாலத்தில் நிற்கிற நான்கு பேரும் நான்கு குச்சியாகிவிட்டார்கள், ஆனால் அந்த மஞ்சள் டிராம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. இதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை? எழுத்தே இல்லாமல் ஒரு மஞ்சள் பட்டையால் அடையாளம் தெரிகிறதென்றால், அதுதான் பெயரின் வேலையைச் செய்கிறது. பெயர் போடாததற்கு நியாயம் உன் படத்திலேயே இருக்கிறது, நீ பார்க்கவில்லை.

பாலத்தில் நிற்க வைத்ததையும் மீறல் என்று எழுதியிருக்கிறாய். அது மீறலே இல்லை. 1979 ஜனவரியில் போட்டோகிராபர் கெவின் கம்மின்ஸ் அதே ஜாய் டிவிஷனை மான்செஸ்டரின் ஹ்யூம் பகுதியில் பனி மூடிய பாலத்தின்மேல் நிற்க வைத்து எடுத்த படம் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியுமாமே. அப்படியானால் இது பழைய படத்துக்கு ஒரு கும்பிடு. கும்பிடு போட்டோம் என்றே எழுதேன், அதில் என்ன குறைச்சல்?

அச்சு விஷயம் கொஞ்சம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பார்கோடைக் கறுப்பில் வெள்ளைக் கோடாகத் திருப்பிவிட்டாய், அழகாக இருக்கிறது, ஆனால் பல ஸ்கேனர் படிக்காது. வட்டத்துக்குள் சி மட்டும் போட்டிருக்கிறாய், அது படத்துக்கும் எழுத்துக்கும். ஒலிப்பதிவுக்கு வட்டத்துக்குள் பி வேண்டும். உள்பக்கத்து மின்சார நீலம் திரையில்தான் மின்னும், நான்கு வண்ண மசியில் அடித்தால் செத்துப்போகும். அப்புறம் பாடகன் காது சரியாக மடிப்பில் விழுகிறது. அவனுக்குக் காது முக்கியம் இல்லையா?

இனி வீடியோ.

முதல் ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கப்புறம் டிரம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு வருகிறது. இசையின் தாளத்துக்கு வெட்டுவது மியூசிக் வீடியோ மரபு என்று எழுதியிருக்கிறாய், சரிதான். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் தாளம் விழுகிற எல்லா இடத்திலும் அடிக்கிறாரா? கார்வை என்று ஒன்று விடுகிறாரே, கை சும்மா இருக்கும், தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் விழுகிற அடிக்குத்தான் சபையில் தலை ஆடும். உன் வீடியோவில் கார்வையே இல்லை. இரண்டாவது சரணத்தில் நாலு வெட்டை எடுத்துவிட்டு ஒரே ஷாட்டை ஓடவிட்டுப் பார்.

1.40க்கு மேல் உதடும் பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. இதைப் பாடகன் சரியாக உதடசைக்கவில்லை என்று எழுதி, பாவம், அவன்மேல் பழி போட்டிருக்கிறாய். நம் கடைக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற பையனிடம் காட்டினேன். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், பாடுகிற ஆளைவிட போனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், போனில் எடுக்கிறபோது ஃபிரேம் வேகம் சீராக இருக்காது, எடிட் செய்வதற்குமுன் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றான். முகூர்த்த நேரத்து நாதஸ்வரத்தில் அவனுக்கு இந்த அனுபவம் நிறைய உண்டாம்.

மியூசிக் வீடியோவை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் சொன்னது என்று நீ போன வருஷம் போனில் எனக்குப் பாடம் எடுத்தாயே, பாட்டு வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவு மூன்று விதம், வரி சொல்வதையே காட்டுவது, அதைக் கூட்டிக் காட்டுவது, சம்பந்தமில்லாததைக் காட்டுவது என்று. ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடகர் முகம் குளோசப்பில் அடிக்கடி வேண்டும் என்றும் சொன்னாய். உன் வீடியோவில் முகம் முதன்முதலாக 52ஆவது விநாடியில்தான் வருகிறது. எங்களுக்குக் கம்பெனி இல்லை, அதனால் மீறினோம் என்கிறாய். கம்பெனி இல்லாவிட்டால் என்ன, உங்களை யாருக்கும் தெரியாதே. புதுசாக வருகிற பேண்டுக்கு முகம் இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்பது என் கட்சி. நீ வேறு காரணம் வைத்திருந்தால் எழுது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அப்பா சொல்ல வேண்டியதா என்று யோசித்தேன், கட்டுரையில் நீயே எழுதியிருப்பதால் சொல்கிறேன். லாரா மல்வி 1975இல் எழுதிய ஆண் பார்வையை, அதாவது சினிமா பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கிற பொருளாகக் காட்டுவதை, உடைத்தோம் என்று ஒரு பத்தி வைத்திருக்கிறாய், வீடியோவில் வருகிற பெண் பெரிய கோட்டு போட்டிருக்கிறாள் என்பதுதான் அதற்கு ஆதாரம். கோட்டு சரி. கேமரா அவள் காலில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறுகிறதே. அந்தப் பத்தியை எடுத்துவிடு, அல்லது அந்த ஷாட்டை நீக்கு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2.10லிருந்து பாடகன் சமையலறையில் ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுகிறான். காலர், கை, பித்தான் பட்டி, ஒவ்வொன்றாக. மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறான், கொஞ்ச நேரம் பார்க்கிறான், எடுத்து உதறி மறுபடி ஹேங்கரில் மாட்டிவிடுகிறான். பின்னால் பாட்டு, ரயில் போய்விட்டது, நான் ஏறவில்லை என்று ஓடுகிறது. பாப்பா, அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குமே தொண்டை அடைத்தது. ரயில் இல்லை, பிளாட்பாரம் இல்லை, கையசைப்பு இல்லை, ஒரு சட்டை.

அதைப்பற்றி நீ கட்டுரையில் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி. ஸ்டேஷனில் எடுக்க அனுமதி கிடைக்காததால் வேறு வழியில்லாமல் வீட்டில் எடுக்க நேர்ந்தது, இது ஒரு குறை என்று. மறந்ததற்கெல்லாம் மீறினோம் என்று பெருமை அடித்துக்கொண்டு, நிஜமாகவே நல்லதாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய்!

நடந்ததை நடந்தபடியே எழுது. அனுமதி கிடைக்கவில்லை, மழை வேறு, வீட்டுக்கு வந்தோம், சட்டை கண்ணில் பட்டது, எடுத்தோம். எடிட் செய்யும்போதுதான் வரிக்கும் படத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லாததே வரியைக் கனமாக்குகிறது என்று தெரிந்தது. திட்டம் போட்டுச் செய்தோம் என்று கதை விடாதே, குறை என்றும் சொல்லாதே. அந்த ஒரு காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், டிக் போட்ட பத்தியில் ஐந்தாறைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். திருத்துகிறவர் என்ன மார்க் போடுவார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் இத்தனை வருஷம் ப்ரூஃப் பார்க்கிறேன், கண்ணால் பார்த்து எழுதினதும் பார்க்காமல் எழுதினதும் பக்கத்தைத் திருப்பும்போதே தெரிந்துவிடும்.

அட்டையைத் திருத்தினால் பிரிண்ட் எடுக்குமுன் எனக்கு அனுப்பு, கட்டிங் மார்க், பிளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஓரத்தில் கூடுதலாக விடுகிற படம்) எல்லாம் நான் போட்டுத் தருகிறேன், மூன்று மில்லிமீட்டர் விடாமல் அங்கே யாரிடமும் கொடுத்துவிடாதே.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி வந்து அந்தச் சட்டைக் காட்சியை நிறுத்தி வைத்துப் பார்த்தாள். நான் நடிப்பைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பின்னால் அடுப்பில் இருக்கிற குக்கர் நம் வீட்டிலிருந்து நீ எடுத்துப்போனதுதானாம், மூடிமேல் வெயிட் இல்லையாம். தொலைத்துவிட்டாயா? அடுத்த மாதம் எதிர்வீட்டு அண்ணன் அந்தப் பக்கம் வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா என்று மட்டும் எழுது, கேஸ்கட்டும் சேர்த்து வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா