ஆண்டறிக்கை 2024–25: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சங்கத்தின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மே மாதம், எய்ட்ஸால் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி அஞ்சலி நடந்தது. பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினப் பேரணியில் கலந்துகொண்டோம். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூட வேண்டும், பெரும்பாலும் கூடியது.

இனி முக்கியமான விஷயம். மருந்தை இடையில் விட்டவர்களை மறுபடி ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் அரசு மையத்துக்கு, அழைத்து வருவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் நமக்கு ஓராண்டு நிதி தந்தது. விண்ணப்பம் எழுதியது நான்தான். "நமக்கு எதற்கு இந்த வேலை, மையத்தில் ஆள் இல்லையா" என்று அன்று குழுவில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இந்த விளக்கம்.

நம் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, கம்பத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் சானடோரியம் போய் வந்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். இன்று மாவட்டத்துக்குள்ளேயே மருந்து கிடைக்கிறது. ஒரு கைப்பிடி மாத்திரை போய், ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை என்றாகிவிட்டது. அப்புறம் ஏன் விடுகிறார்கள்?

நான் பார்த்த வரை காரணம் ஒன்றல்ல. விடியுமுன் ஜீப் ஏறி குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மையத்துக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. "மாசாமாசம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போற?" என்ற கங்காணியின் கேள்வி அதைவிடப் பெரிய செலவு. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்களில் பலருக்கு, கடிதம் வாங்கிக்கொண்டு எந்த ஊர் மையத்துக்கும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம் என்பதே தெரியவில்லை. உடம்பு தேறியதும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தியவர்கள் உண்டு. இன்னொரு கூட்டம், மருந்தே தொடங்காமல் விட்டுப்போன பழைய ஆட்கள். அந்தக் காலத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. பிறகு அதை 350 ஆக்கி, 500 ஆக்கி, 2017இல்தான் எண்ணிக்கை பார்க்காமல் எல்லாருக்கும் உடனே மருந்து என்று ஆனது. "உனக்கு இப்போது வேண்டாம், போய் வா" என்று அன்று அனுப்பப்பட்டவர்களில் சிலர் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. விதி மாறிய சேதி அவர்கள் வீட்டு வாசலுக்கு வரவே இல்லை.

இப்படித் தேட வேண்டியவர்களின் பட்டியல் பற்றி ஒரு புகார் வந்தது. யார் பெயர் இருக்கிறது என்று உறுப்பினர்களிடமே ஏன் காட்டவில்லை என்று. காட்ட மாட்டேன். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது. வீடு வீடாகப் போய்த் தேடும் நம் களப்பணியாளர் ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தார்.

அவர் பட்ட பாட்டை இங்கே பதிவு செய்ய வேண்டும். தெருவில் யாரைத் தேடி வந்தாய் என்று கேட்டால் மகளிர் குழுவிலிருந்து வருகிறேன் என்பார். ஓரிடத்தில் பக்கத்து வீட்டு அக்கா விடாமல் தனக்கும் ஒரு லோன் எழுதச் சொல்லி ஆதார் கார்டை எடுத்து வந்துவிட்டார். போனில் கூப்பிட்டால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்கள். அதே எண்ணிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வரும்: "அக்கா, அப்போ பக்கத்துல மாமியார் இருந்தாங்க." ஒரு தங்கை மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்து, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். வீட்டில் விருந்தாளிகள் வந்து தங்கியதால் பானையைத் திறக்க முடியாமல் நின்றதுதான், பிறகு மையத்தில் திட்டுவார்கள் என்று பயந்து போகவே இல்லை. யாரும் திட்டவில்லை. காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், சி.டி.4 எடுத்தார்கள், மறுபடி மாத்திரை கொடுத்தார்கள்.

நிதி தந்தவர்களின் படிவத்தில் மூன்று கட்டங்கள்: போன் செய்தீர்களா, நேரில் பார்த்தீர்களா, மையத்துக்கு வந்தாரா. மூன்றாவதில் டிக் போட்டால் அந்த ஆள் கணக்கு முடிந்தது. வந்தவர் மருந்தில் நிலைத்தாரா என்பதற்குக் கட்டம் இல்லை. தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியதும் சிலர் மறுபடி நின்றுவிட்டார்கள். அவர்களை இரண்டாம் முறை தேடப் பணம் கிடையாது. மருந்தை விட்டால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகத் தொடங்கிவிடும் என்பது நமக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது. அதே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. நம் உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் இதை நம்ப மறுக்கிறார்கள்.

இன்னொன்று. நிதியில் பஸ் சார்ஜ் உண்டு, கூலி இழப்பு கிடையாது. சங்கப் பொது நிதியிலிருந்து சிலருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கச் சொன்னது நான். பொருளாளர் அண்ணன் ஆட்சேபம் தெரிவித்தார், அது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. என் பதிலும் இருக்கட்டும்: கூலி கொடுத்த நாளில்தான் அவர்கள் வந்தார்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். நிர்வாகிகளின் கைமாற்றில் சரிக்கட்டியிருக்கிறோம். ஆடிட்டர் சில வவுச்சர்கள் கேட்கிறார். ஜீப் டிரைவர்கள் ரசீது கொடுப்பதில்லை என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது சந்தா. மாதம் இருபது ரூபாய். பதிவேட்டில் பெயர் இருப்பவர்களில் ஆண்டு முழுக்கக் கட்டியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். கூட்டத்துக்கு வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்கிறார்கள். நியாயம்தான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஜி.பே.யில் அனுப்பினால் முகம் தெரியப்போவதில்லையே? பிள்ளைகளின் நோட்டுக்கு வந்த வரிசையில் பாதி சந்தா நோட்டில் இல்லை. போன வருடக் கூட்டத்துக்குச் சொன்ன சாப்பாட்டில் பெரும்பகுதி மிஞ்சி, பஸ் ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வந்தோம். வாரம் ஒரு மணி நேரம் போன் பேசித் தருகிறேன் என்று கை தூக்கியவர்களின் பெயர்களை வாசிக்கவில்லை. அவர்களுக்கே தெரியும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், இனி மாத்திரையே வராது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. நம் மாத்திரைக்குப் பணம் பெரும்பாலும் நம் அரசினுடையது. யாரும் அந்தப் பயத்தில் விட வேண்டாம். நமக்கு நிதி தந்தவர்கள் சங்கதி வேறு. மார்ச்சோடு முடிகிறது, "நிலைமையைப் பார்த்துச் சொல்கிறோம்" என்று கடிதம் வந்திருக்கிறது. புதிய விண்ணப்பத்தில் நான்காவதாக ஒரு கட்டம் கேட்டிருக்கிறேன்: ஆறு மாதம் கழித்தும் மருந்தில் இருக்கிறாரா என்று. கொடுத்தால் சரி.

மையத்தின் மருத்துவர், ஆலோசகர்கள், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மைய ஊழியர்கள், இந்த மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்தவர், மைக் செட் தம்பி, அனைவருக்கும் நன்றி.

கடைசியாக, செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் அலுவலகச் சாவியையும் சங்கத்தின் சிம் கார்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சிம் கார்டின் ரீசார்ஜ் இந்த மாதத்தோடு முடிகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் எடுக்க வேண்டிவரும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்