சலூன் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

எங்கள் தெருமுனைச் சலூன் தம்பியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். "அண்ணே, போன மாசமும் இந்தப் பொருக்கு இங்கேதான் இருந்துச்சு. இப்போ பெருசாயிருக்கு" என்று என் வலது காதின் மேல்விளிம்பைக் கண்ணாடியில் காட்டினார். மூக்குக்கண்ணாடி உரசுகிறது என்றே நினைத்திருந்தேன். மிளகளவு இருக்கும், சொரசொரப்பு. கிள்ளினால் ஒரு துளி ரத்தம், மறுவாரம் மறுபடியும் பொருக்கு. மருந்துக் கடைக் களிம்பைத் தடவியே மூன்று மாதத்தை ஓட்டியிருந்தேன்.

அம்மா எனக்குச் சிறுநீரகம் கொடுத்து 16 வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அசதியோபிரின் சாப்பிடுகிறேன். அம்மாவின் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. ஆனால் கெட்டுப்போன தோல் செல்லைத் தேடி அழிப்பதும் அதே சக்திதானே! போதாக்குறைக்கு, இந்த மாத்திரையால் தோலுக்கு வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் தெம்பும் குறைகிறது. இதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கிய தோல் மருத்துவருக்கு நன்றி.

"நம்ம நிறத்துக்குத் தோல் புற்று வருமா டாக்டர்?" என்று கேட்டேன். உறுப்பு மாற்று செய்துகொண்ட வெள்ளைக்காரர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்று (தோலின் மேலடுக்குச் செல்லில் தொடங்குவது) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 முதல் 100 மடங்கு வரை அதிகமாம். நமக்கு அவ்வளவு இல்லை, ஆனால் வெயிலே படாத இடத்திலும் வரலாம் என்று சொல்லி, உள்ளங்கால் வரை பார்த்தார். ஓட்டை சாக்ஸோடு போயிருந்தேன், அது வேறு கதை.

பயாப்ஸியில் அதேதான் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டு வெட்டியெடுத்தார்கள், ஆறு தையல். ஓரங்களில் புற்று இல்லை. கட்டு மாற்றிய சிஸ்டர், மூன்று எண்ணிப் பிளாஸ்திரியைப் பிய்ப்பதாகச் சொல்லி இரண்டிலேயே பிய்த்துவிடுவார். அவருக்கும் நன்றி.

நான் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்று சிறுநீரக மருத்துவர் அன்றிரவே போன் செய்தார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து, புண் ஆறிய பிறகே, அசதியோபிரினுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் சிரோலிமஸ் என்ற மாத்திரைக்கு மாற்றினார். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்துமாம்.

அம்மா, ரிசல்ட் வரும்வரை உன்னிடம் சொல்லாததற்கு மன்னித்துவிடு. நீ வாங்கித் தந்த அகலத் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

அப்புறம் தம்பி, தையல் போட்ட காதைக் காகிதத்தால் மூடி, கத்தரி படாமல் வெட்டிவிட்டு, அன்றைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். அது இன்னும் பாக்கி இருக்கிறது.